மஞ்சள் பூ வைத்த வளை

காட்டில் தேர்தல் வந்தது. மான் கட்சிக்குப் படம் போட்டுக் கொடுப்பது காக்கையின் வேலை. பாறை மேல் காட்டையே கரியால் வரைந்து, நமக்கு ஓட்டுப் போடும் வீட்டில் பச்சை இலை, போடாத வீட்டில் சருகு, இன்னும் யோசிக்கும் வீட்டில் மஞ்சள் பூ என்று வைத்தது. பூ வைத்த வீட்டுக்குத்தான் கட்சி ஆட்கள் தினமும் போவார்கள்.

நாளாக நாளாகப் பூக்கள் குறைந்து, கடைசியில் முள்ளம்பன்றியின் வளை மட்டும் மஞ்சளாகவே நின்றது. இந்த ஒரு வளையால் படமே கெடுகிறதே என்ற எரிச்சலில் காக்கை நேரில் போனது.

முள்ளம்பன்றி முள்ளையெல்லாம் படிய வைத்துக்கொண்டு, நாவல் பழங்களோடு வாசலில் காத்திருந்தது.

"யாருக்குண்ணே போடப் போறீங்க?"

"மானுக்குத்தான் தம்பி. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"அப்புறம் ஏன் யோசிக்கிறேன்னு சொல்லி அனுப்புறீங்க?"

முள்ளம்பன்றி ஒரு பழத்தைக் காக்கையின் பக்கம் தள்ளியது. "முடிவைச் சொல்லிட்டா யாரும் வர மாட்டாங்களே. என் முள்ளுக்குப் பயந்து இந்த வாசலுக்குத் தேர்தலுக்கு முன்னாடி ஒருத்தரும் வந்ததில்லை."

காக்கை திரும்பி வந்து, அந்தப் பூவை அப்படியே விட்டுவிட்டது.

மான் ஜெயித்தது. மழை வந்து பாறையைக் கழுவிவிட்டது. மறுநாள் காலையில் காக்கை அந்த வளை வாசலில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, முடிவு பண்ணிட்டீங்களா?"

"இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி," என்றபடி முள்ளம்பன்றி பழத்தை நகர்த்தியது.