தரையோடு ஒட்டிய பெடல்

நொறுங்கிய அந்தக் கார் வாகனப் பொறியியல் ஆய்வகத்துக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. தினமும் காலையில், அங்கே படிக்கும் அவள்தான் முதல் ஆளாகக் கதவைத் திறப்பாள். தினமும் பிரேக் பெடல் தரையோடு ஒட்டிக் கிடக்கும். ஓட்டுநர் இருக்கை காலியாகத்தான் இருக்கும்.

நேற்று புது ஸ்பிரிங் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். இன்றும் அப்படியே கிடந்தது. கையால் இழுத்தாள். மேலே வந்த பெடல், விட்டதும் மெல்ல இறங்கியது.

"என்ன ஊமை, உள்ள யாராச்சும் உக்காந்திருக்காங்களா?" என்றான் பக்கத்து மேசைக்காரன். வகுப்பே சிரித்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேராசிரியர் நசுங்கிய கதவில் சாய்ந்தபடி பாடத்தை ஆரம்பித்தார்.

"வண்டியில ஒரு குறையும் இல்லப்பா. ஓட்டினவன் தூங்கிட்டான். பிரேக்ல காலே வைக்கல. இன்னைக்கு போலீசுக்குக் குடுக்கற ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதப் போறேன்."

மூன்று வருடமாக வகுப்பில் வாய் திறக்காதவள், கையிலிருந்த ஸ்பேனரை மேசைமேல் ஓங்கிப் போட்டாள்.

"பொய் சார். மிதிச்சான். வண்டிதான் நிக்கல."

"நீ என்ன, பக்கத்துல உக்காந்து பாத்தியா?" என்று சிரித்தார்.

"குனிஞ்சு நீங்களே பாருங்க. இன்னும் காலை எடுக்கல."

அவர் குனிந்தார். நிமிரும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

"யாரோட காலும்மா இது?"

"எங்க அண்ணன் சார். இந்த வண்டியிலதான் செத்தான்."