ஒரே ஒரு அரியர்

வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்குப் பதிலாக அவர்களுடைய ப்ராக்ஸி வந்து உட்காரலாம் என்று மத்தியப் பல்கலைக்கழகமே விதி போட்டுவிட்ட காலம் அது. அதே முகம், அதே குரல், அதே குணம். பாடம் கேட்கும், பரீட்சை எழுதும், படிப்பு முடிந்ததும் அழிந்துவிடும்.

வரலாற்றுத் துறைப் பேராசிரியை செண்பகவல்லி வருகைப் பதிவில் ஜெனிலாவின் பெயர் வரும்போது மட்டும் தலையை நிமிர்த்த மாட்டாள். ஜெனிலா விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வழியில் பஸ் கவிழ்ந்து இறந்துபோயிருந்தாள். ஆனாலும் அவளுடைய ப்ராக்ஸி உட்காரும் கடைசி பெஞ்சிலிருந்து, "பிரசென்ட், மேம்" என்று அவள் குரல் வரும். அதைக் கேட்கவே அவளுடைய அப்பா தேவசகாயம் தினமும் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார்.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் அவர் செண்பகவல்லியின் அறைக்கு வந்தார். மகளுக்கு ஒரு மார்க் குறைந்ததென்று முன்பு இதே மேசையைத் தட்டிச் சண்டை போட்டவர்.

"ஒரு பேப்பர்ல ஃபெயிலாக்கி விடுங்க டீச்சர். அரியர் இருந்தா இன்னும் ஒரு வருஷம் வருவால்லா?"

விடைத்தாளில் ஒரு தப்புகூட இல்லை. செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டு ஃபெயில் போட்டாள்.

ரிசல்ட் வந்த மறுநாள் அரியர் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் ஜெனிலாவின் ப்ராக்ஸி எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி அழுதுகொண்டிருந்தது.

"அப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க, மேம். தாங்க மாட்டாங்க."

ஜன்னலுக்கு வெளியே தேவசகாயம் வாயைப் பொத்திக்கொண்டார்.