மாஸ்டர் நடந்த தூரம்

மாதம் இரண்டு லட்சம் அடி நடப்பவர்களுக்குத்தான் அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். பரோட்டா மாஸ்டர் சேர்மராஜ் தினமும் பதினான்கு மணி நேரம் கல்லின் முன்னால் நிற்பவர். நின்றதை, அடிகளை எண்ணும் கைப்பட்டை கணக்கில் எடுக்காது. அதனால் கடை சப்ளையர் மாசானம் தினமும் விடியலில் அந்தப் பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு கடற்கரையில் நடந்துவிட்டு வருவான்.

நெஞ்சுவலியென்று மாஸ்டரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளும், பழக்கதோஷத்தில் நடந்துவிட்டுத்தான் பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

நர்ஸ் ஜெனோவா அதைத் திரையில் வைத்துப் பார்த்தாள். “அண்ணாச்சி, நேத்துலருந்து கட்டில விட்டு எறங்கல. காலையில ஆறாயிரம் அடி நடந்திருக்கீக.”

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். மாசானம்தான் முன்னால் வந்தான். “நான் நடந்தது சிஸ்டர். வருசம் மூணாச்சு. அவர ஒண்ணும் சொல்லாதீங்க.”

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். “ஆபரேசனுக்கு இந்த மாசக் கணக்குல இன்னும் ரெண்டாயிரம் அடி கொறையுதே.”

பட்டையைத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, மருந்துத் தட்டோடு அடுத்த வார்டுக்குக் கிளம்பினாள்.

வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. மாஸ்டர் படுத்தபடியே, கூப்பிய கையைப் பிரிக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.