தண்ணீர் ரிப்போர்ட்

“அவனுக்கு எதுக்கும்மா சோறு போடறே? கிணத்தடியில மருந்து டேங்கைக் கழுவின கை அது. பட்டினி கிடக்கட்டும்!”

மகன் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் மாமனார் ஆரம்பிப்பார். அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவள் சோற்றை வேண்டா வெறுப்பாகத் தட்டில் கொட்டிவிட்டு உள்ளே போனாள். மாமனார் திட்டத் திட்ட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஒன்றரை மாதமாக வீட்டில் இதே கதைதான்.

இதெல்லாம் ஆரம்பித்த வாரம் மூன்று பேருக்கும் வாந்தி, மயக்கம். ஆண்கள் இரண்டு பேரும் இரண்டே நாளில் எழுந்து நடமாடிவிட்டார்கள். அவள் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த பிள்ளைதான் தங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்ததும், யாரும் கேட்காமலே அவன் சொன்னான். “தப்பு என்னோடதுதான். ஸ்ப்ரேயர் டேங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து கிணத்தடியிலயே கழுவிட்டேன். கழுவின தண்ணி உள்ளே இறங்கிடுச்சு.”

பூச்செடி நர்சரியில் பத்து வருஷமாக மருந்தடிக்கிறவன்! மற்றவர்களுக்கெல்லாம் கையுறை போடு, முகத்தை மூடு என்று பாடம் நடத்துகிறவன்! அன்றோடு அவனிடம் பேசுவதையே அவள் விட்டுவிட்டாள்.

அழுவதற்கு அவளுக்கு இருந்த ஒரே துணை மாமனார்தான். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அவருக்கு வீட்டில் இருந்த வேலையும் அந்தக் கிணறு ஒன்றுதான். மாதம் தவறாமல் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டு, வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துப் பெருமை அடித்துக்கொள்வார். இப்போது கிணற்றுக்கு இரும்பு மூடியும் பூட்டும். குடிக்கிற தண்ணீர் கேனில் வருகிறது.

டாக்டர் சொன்னபடி, பூட்டுப் போடுவதற்கு முன்பே ஒரு பாட்டில் தண்ணீரை அவள் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தாள். “எதுக்கு அதெல்லாம்? நான்தான் ஒத்துக்கிட்டேனே” என்று அவன் தடுத்துப் பார்த்தான். குற்றமுள்ள நெஞ்சு பயப்படுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்குத்தான் ரிப்போர்ட் வந்தது. பரிசோதனைக்கூடத்துப் பெண் காகிதத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

“டேங்க் கழுவினதா எழுதிக் கொடுத்திருக்கீங்க. அது இல்லம்மா. செடிக்கு அடிக்கிற மருந்து இதுல சுத்தமா இல்லை. இது எறும்புக்குத் தூவுற பொடி. அதுவும் இந்த அளவுன்னா, ஒரு டப்பாவையே உள்ளே கொட்டியிருக்கணும்.”

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நேரே பின்கட்டு அலமாரியைத் திறந்தாள்.

புதிதாக வாங்கிய பிளீச்சிங் பவுடர் டப்பா மூடி உடைக்காமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்த எறும்புப் பொடி டப்பாவைக் காணோம். அதை வாங்கி வரச் சொன்னவள் அவள்தான். வாங்கி வந்து அங்கே வைத்தவன் அவன்.

“தெரிஞ்சுபோச்சா?” பின்னால் அவன் குரல்.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசினாள். “மாமாவா?”

அவன் தலையசைத்தான். “நீ ஆஸ்பத்திரியில மயங்கிக் கிடந்தப்போ காலி டப்பாவைக் குப்பையில பார்த்தேன். கிணத்துக்குப் பவுடர் போட்டீங்களாப்பான்னு கேட்டேன். ‘எப்பவும் ரெண்டு கரண்டிதான்டா போடுவேன். மருமக மாசமா இருக்காளே, தண்ணி இன்னும் சுத்தமா இருக்கட்டும்னு முழு டப்பாவையும் போட்டேன்’னு வெள்ளந்தியாச் சொன்னார். அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?”

அவள் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே...”

“சொல்லியிருந்தா, அவர் முகத்தைப் பார்த்து உன்னால சோறு போட முடியுமா? உனக்குத் திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும். நான் இருந்துட்டுப் போறேன். டப்பாவை அங்கே வச்சவன் நான்தானே, நான் சொன்னது பாதிதான் பொய்.”

சத்தம் வராமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள்.

“என்னம்மா, ரிப்போர்ட் வாங்கிட்டியா?” முன் அறையிலிருந்து மாமனார் கேட்டார். “என்ன போட்டிருக்கு?”

சொல்லிவிடத்தான் முதலில் வாயெடுத்தாள். ஐந்து மாதம் சுமந்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்று மனசு கொதித்தது. எட்டிப் பார்த்தாள். தன்னால் படிக்க முடியாத காகிதத்துக்காகக் கிழவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரிப்போர்ட்டை மடித்து இடுப்பில் செருகினாள்.

“என்ன போட்டிருக்கும், மாமா? எல்லாம் உங்க பிள்ளை செஞ்ச வேலைதான்!” என்று வீடே அதிரக் கத்தினாள், கணவனின் கையை இறுகப் பற்றிக்கொண்டு.