முற்றத்துக்கு வந்த சோதனை

“அக்கா, குடி கெட்டுச்சு! நாளைக்குக் காலையில ஆள் வந்து முற்றத்தை மூடப் போறாங்களாம்!”

குமாஸ்தா மூச்சிரைக்க வந்து சொன்னான். காசாளர் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

நூற்றைம்பது வருஷத்து வீடு அது. வங்கியாக மாறிய பிறகும் அதன் களை குறையவில்லை. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் பன்னிரண்டு மரத்தூண்கள். மேனேஜருக்கு மாடியில் இருக்கிற அறை போதவில்லையாம். தூண்களின் தலையை வெட்டி, முற்றத்துக்கு மேலே கான்கிரீட் போட்டுப் பெரிதாக ஓர் அறை வேண்டுமாம். கீழே இருப்பவர்கள் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு புழுங்கிச் சாக வேண்டியதுதான்!

அக்கா ஒரு மாதமாக மல்லுக்கு நின்றாள். மூன்று மனு எழுதினாள். மூன்றும் குப்பைக்கூடைக்குப் போயின. “உங்க வேலையை மட்டும் பாருங்கம்மா” என்று எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தார் மேனேஜர். குமாஸ்தா அன்றைக்கு டீ நேரம் முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தான்.

“இப்படி வா” என்று அவனை முற்றத்து மூலைக்கு இழுத்துப் போனாள் அக்கா. டீ குடித்தபடி ஊழியர்கள் மேனேஜர் தலையை உருட்டுகிற இடம் அது.

“மூடட்டும்ப்பா. நல்லதுதான்.”

“என்னக்கா இது? நேத்து வரைக்கும் குதிச்சீங்களே!”

“விஷயம் தெரியாம குதிச்சேன். தலைமை அலுவலகத்துக்குப் புதுசா வந்திருக்கிற பெரியவர் பழைய வீட்டுப் பைத்தியமாம். அடுத்த மாசம் இங்க வர்றார். பழசைச் சிதைக்காம வெச்சிருக்கிற மேனேஜருக்குப் பதவி உயர்வு நிச்சயமாம். நம்மாளு மூடிட்டு ஏமாந்து நிக்கட்டும். அவர் காதுல மட்டும் போட்டுடாதே!”

“நான் எதுக்குப் போடறேன்? அந்தச் சிடுமூஞ்சிக்கு நல்லா வேணும்!”

மறுநாள் காலை, சிமென்ட் ஏற்றி வந்த லாரி வாசலோடு திரும்பிப் போனது. மேனேஜர் மாடிப்படியில் நின்று தொண்டையைச் செருமினார்.

“இந்த முற்றம் நம்ம கிளையோட பொக்கிஷம். இதுல யாரும் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது!”

கைதட்டல் காதைப் பிளந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்க, முற்றத்து வெயிலில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

குமாஸ்தா பேந்தப் பேந்த விழித்தான். “அக்கா, சத்தியமா நான் சொல்லலை! அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“ஷ்! கவுன்ட்டர் பக்கம் வா, சொல்றேன். அந்த மூலைச் சுவத்துல ஒரு பொந்து இருக்கு. நேரா மேனேஜர் நாற்காலிகிட்ட போய் முடியுது. கீழ ஆம்பளைங்க பேசறதை மாடியிலேர்ந்தே கேக்கறதுக்கு, அந்தக் காலத்து வீட்டம்மா சொல்லிக் கட்ட வெச்சது போல. போன மாசம் அவர் லீவுல போனப்ப நான்தானே அங்க உக்காந்தேன்? எல்லாம் கணீர்னு கேட்டுது.”

“அப்ப, அந்தப் பெரியவர்?”

“எந்தப் பெரியவர்?” என்று சிரித்தாள் அக்கா. “அதை விடு. மூணு வருஷமா நீ கேக்கற லீவெல்லாம் ஏன் கிடைக்க மாட்டேங்குதுன்னு இப்பவாவது புரியுதா?”