தலைமாடு

விடுதி அறையின் இரு கட்டில்களுக்கும் தலைமாட்டில் ஒரே ஜன்னல். பள்ளி முடித்து ஒரு வருடம் கழித்துக் கல்லூரியில் சேர்ந்திருப்பவள் மெத்தையில் விரிப்பைப் போடுகிறாள். மூலைகளை மடித்து இறுக்கிச் செருகும் அவள் கைகளையே பார்க்கிறாள் அறைத்தோழியின் அம்மா. “ஆஸ்பத்திரியில இப்படித்தான் விரிப்பாங்க.” “ஆமா ஆன்ட்டி, போன வருஷம் அங்கதான் இருந்தேன்.” “வருஷம் பூராவுமா?” “வேலை பார்த்தேன் ஆன்ட்டி. படுக்கை விரிக்கிற வேலை.” “நான் ஒண்ணும் கேக்கலியேம்மா.” மகளின் தண்ணீர் பாட்டில் மேசையிலிருந்து அலமாரிக்குள் போகிறது. “அம்மா, சும்மா இரேன்” என்று மகள் முணுமுணுக்கிறாள். கிளம்புமுன் அம்மா மகளின் தலையணையை எடுத்துக் கால்மாட்டில் வைத்துத் தட்டிக்கொடுக்கிறாள். “காத்து இந்தப் பக்கம்தான்டி வருது” என்கிறாள், சுவரைப் பார்த்து.