நாலு மணிக்குள் ஒரு கூரை

வலது பக்கம் சரசரவென்று நகர்ந்தது. இடது பக்கம் வர மாட்டேன் என்று நின்றுவிட்டது.

கார்க் கூரையின் கறுப்புக் கண்ணாடி கோணிக்கொண்டு பாதியில் மாட்டியது. தையற்காரர் பதறிப்போய் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தார்.

மணி இரண்டாகிவிட்டது. நாலு மணிக்கு மனைவியைக் கூட்டிவரக் கிளம்ப வேண்டும். பதினோரு மாதம் கழித்து வீட்டுக்கு வருகிறாள்.

சன்ரூஃப் திறந்தால்தான் இந்த வண்டியில் வருவேன் என்று கறாராகச் சொல்லியிருந்தாள். அவரும் வீராப்பாகத் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

அதை மூடி வைத்த பாவமும் அவருடையதுதான். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு மழையில் தண்ணீர் சொட்டி அவள் புதுப்புடவை நனைந்தது. மறுநாளே இரண்டு குழாய் பசையைச் சுற்றிலும் பிதுக்கிக் கண்ணாடியை நிரந்தரமாக ஒட்டிவிட்டார். அதன்பிறகு அவள் அதைக் குத்திக்காட்டாத மழைக்காலம் இல்லை.

மெக்கானிக் கையை விரித்துவிட்டார். இருபத்திரண்டு வயது வண்டிக்குப் பாகம் கிடைக்காது, கூரையை மறந்துவிடுங்கள் என்றார்.

தையற்காரர் மறக்கிற ஆள் இல்லை. தையல் பிரிக்கிற கத்தியால் மூன்று நாள் உட்கார்ந்து பசையைச் சுரண்டினார். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கழற்றிக் கடைக்குள் போட்டார். அளவு கொடுக்க வந்தவர்கள் அதில் சொகுசாகச் சாய்ந்துகொண்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

பிரித்துப் பார்த்தால் அவருக்குத் தெரிந்த சங்கதிதான். ஜிப் மாதிரி. இரண்டு ஓரமும் சேர்ந்து ஓடினால் திறக்கும், ஒன்று பின்தங்கினால் கடித்துக்கொள்ளும். ஓரத்துக்கு ஒன்றாக, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள்தான் நொறுங்கிக் கிடந்தன.

வீட்டுச் சமையலறையில் காய் நறுக்கும் பலகை இருந்தது. அதே கெட்டிப் பிளாஸ்டிக். துண்டுகளை ஒட்டிவைத்து அளவு எடுத்து, பலகையில் வரைந்து, அறுத்து, அரத்தால் ராவினார். வந்ததும் பலகை எங்கே என்று கேட்பாள். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் இடது பக்கம் முரண்டு பிடித்தது.

மனைவியின் தம்பி இன்றைக்கென்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். கோணி நிற்கும் கண்ணாடியைத் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"என்ன மாமா, சட்டைக்குக் கையை மாத்தி வச்சுத் தச்ச மாதிரி இருக்கு?"

விளையாட்டாகத்தான் சொன்னான். தையற்காரருக்கு மண்டையில் ஒரு குட்டு விழுந்தது போலிருந்தது.

சட்டத்தைக் கழற்றி வெட்டுமேஜையில் குப்புறப் போட்டுத்தான் துண்டுகளைப் பொருத்திப் பார்த்திருந்தார். அப்போதே ஒன்றில் 'இ' என்றும் மற்றதில் 'வ' என்றும் சாக்கட்டியால் எழுதியிருந்தார். எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பிப் போட்டுக் குறிக்கிற கை அது. நாற்பது வருஷப் பழக்கம் கூரையை மட்டும் விட்டுவிடுமா? திருப்பி நிமிர்த்தினால் இடது வலதாகிவிடும் என்பது உறைக்கவே இல்லை.

தன்னைத்தானே திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் மறுபடி கழற்றினார். துண்டுகளை மாற்றிப் போட்டார். தண்டவாளம் இரண்டிலும் தையல் மிஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டார். மூன்று இருபதுக்குச் சுவிட்சை அழுத்தினார்.

இரண்டு ஓரமும் சேர்ந்தே கிளம்பின. கண்ணாடி கோணாமல், முனகாமல், வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. எட்டு வருஷமாக இருட்டிக் கிடந்த வண்டிக்குள் வெயில் தொப்பென்று வந்து விழுந்தது.

தையற்காரர் வாய்விட்டுக் கத்தினார். எதிர்க்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று வெளியே ஓடிவந்தார். அப்படி ஒரு சந்தோஷம் தையற்காரருக்கு வந்து நாளாகியிருந்தது.

மூடினார், திறந்தார், மறுபடி மூடித் திறந்தார். பிறகு இருக்கை இருந்த வெற்றிடத்தில் மல்லாந்து படுத்து, மேகம் ஒன்று முழுசாகக் கடந்து போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சினன் கடைக்குள்ளிருந்து இருக்கையைத் தூக்கி வந்தான். வேண்டாம் என்று கை காட்டினார். பின் இருக்கையையும் மடக்கச் சொல்லிவிட்டு, தானே தைத்து வைத்திருந்த நீளமான மெத்தையைப் பின்கதவு வழியாக உள்ளே விரித்தார். அளவு இம்மி பிசகவில்லை.

நாலரை மணிக்கு ஆஸ்பத்திரிப் பின்வாசலில் இரண்டு பேர் சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதுகெலும்பு கூடி வருகிறது, இன்னும் மூன்று மாதம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸ் தருகிறேன் என்றும் சொன்னார். அதுவும் கூரைதானே என்று அவள்தான் மறுத்தாள். வார்டுக் கூரையில் எண்பத்துநாலு சதுரங்கள், அதில் ஒன்று கறை படிந்தது. பதினோரு மாதமாக அவள் பார்த்ததெல்லாம் அவ்வளவுதான்.

தலை முன்னால் வரும்படி மெதுவாக உள்ளே நகர்த்தினார்கள். அவள் முகம் சரியாக அவர் பக்கத்தில் வந்து நின்றது. கட்டி வைத்த வாரை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சுவிட்சை அழுத்தினார்.

கண் கூசுமே என்று கைக்குட்டையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கண்ணீர் காதுப்பக்கம் வழிய, இமைக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் பத்து நிமிஷம்தான். தெருமுனையில் திரும்புவதற்கு அவர் இண்டிகேட்டரைப் போட்டார்.

"நேரா வீட்டுக்குப் போகாதீங்க," என்றாள். "சுத்திப் போங்க."